ஃபார்ம் 16 வராத வேலை: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜூலை மூன்றாம் வாரம், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசித் தேதி நெருங்கி அலுவலகத்தில் கூட்டம் மிகுந்திருந்த ஒரு மாலையில், கம்பத்திலிருந்து ஒரு மென்பொருள் வல்லுநர் தேனியிலுள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். "ஆடிட்டர் சார், கம்பெனில இன்னும் ஃபார்ம் 16 கொடுக்கல. கேட்டா, அப்படி ஒண்ணே கிடையாதுங்கிறாங்க. ஆனா சம்பளம் மாசாமாசம் வந்துடுது" என்றார். ஊதியத்தில் பிடித்த வரிக்கு முதலாளி தரும் சான்றுதான் ஃபார்ம் 16. அவர் சொன்ன மூன்று வாக்கியங்களில் முதலிரண்டும் சரி; மூன்றாவதில் இருந்த 'சம்பளம்' என்ற சொல்தான் தவறு. அடுத்த இரண்டாண்டுகளில் அவருக்கு நேர்ந்த இடர்கள் பெரும்பாலும் அந்தச் சொல்லிலிருந்தே கிளைத்தன என்பதால், அவருடைய ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி ஊரையும் சில விவரங்களையும் மாற்றி, இந்த நிகழ்வை முழுமையாகப் பதிவு செய்கிறேன்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் ஊதியத்தில் இருந்த அவர், பெருந்தொற்றுக் காலத்தில் ஊருக்குத் திரும்பி வீட்டிலிருந்தே வேலை செய்து பழகியவர். அலுவலகம் மீண்டும் அழைத்தபோது, தந்தையின் உடல்நிலை காரணமாகச் சென்னைக்குப் போக அவருக்கு மனமில்லை. அந்தச் சமயத்தில் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பதிவு பெற்ற ஒரு சிறிய நிறுவனம், மணிக்கு 25 டாலர் தருவதாக அவரை அழைத்தது. இந்தியாவில் அந்த நிறுவனத்துக்குக் கிளையும் இல்லை, பதிவும் இல்லை. ஆகவே பணி நியமனக் கடிதத்துக்குப் பதிலாக ஒன்பது பக்க ஒப்பந்தம் ஒன்று மின்னஞ்சலில் வந்தது. அதன் முதல் பத்தியிலேயே அவர் பணியாளர் அல்லர், தனி ஒப்பந்ததாரர் என்று எழுதியிருந்தது. அவர் அதைப் படித்தார், ஆனால் பொருட்படுத்தவில்லை. 2022 ஏப்ரல் 1 அன்று வேலையைத் தொடங்கினார்.

கையெழுத்திடும் முன் அவர் போட்ட கணக்கு எளிமையானது. வாரத்துக்கு 40 மணி, ஆண்டுக்கு 52 வாரம், 2,080 மணி, 52,000 டாலர். அப்போதைய மதிப்பில் அது 40 லட்சத்தை நெருங்கும் என்பதால், சென்னை ஊதியத்தைவிட இரு மடங்குக்கு மேல் என்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். முதலாண்டு முடிவில் அவருக்கு உண்மையில் கூலி கிடைத்தது 1,790 மணி நேரத்துக்கு. குறைந்த 290 மணி நேரத்தில் அமெரிக்க விடுமுறை நாட்கள் இருந்தன, கிறிஸ்துமஸை ஒட்டி அலுவலகம் மூடிக்கிடந்த நாட்கள் இருந்தன, தந்தையை மதுரை மருத்துவமனையில் சேர்த்தபோது அருகிலிருந்த நாட்கள் இருந்தன, பொங்கலும் இருந்தது. மணிக்கணக்கில் கூலி பெறுபவருக்கு விடுப்பு நாள் என்பது வருமானம் இல்லாத நாள். 7,250 டாலர் இப்படிக் கரைந்தது. அதோடு, நிறுவனம் செலுத்திவந்த வருங்கால வைப்பு நிதிப் பங்கு, பணிக்கொடை உரிமை, பெற்றோரையும் சேர்த்த குழு மருத்துவக் காப்பீடு ஆகிய மூன்றும் ஒரே நாளில் நின்றுபோயிருந்தன. குழுக் காப்பீட்டில் இருந்த தந்தைக்கு, ஏற்கெனவே இதய நோய் இருந்த நிலையில், தனிக் காப்பீடு வாங்கியபோது அந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் விதிக்கப்பட்டது. மருத்துவமனைச் செலவு முழுவதும் கையிலிருந்து போனது. டாலரை ரூபாயாக்கிப் பார்த்த மகிழ்ச்சியில் எவரும் கேட்காமல் விடும் கேள்வி, இவையெல்லாம் போக என்ன மிஞ்சும் என்பதுதான்; இதை என்னிடம் வரும் ஒவ்வொருவரிடமும் காண்கிறேன்.

வரியைப் பற்றிய முதல் அதிர்ச்சி அவருக்கு அமெரிக்காவிலிருந்தே வந்தது. ஏப்ரல் மாதத்துக்கு உரிய 3,750 டாலரில் 1,125 டாலர் பிடிக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டவருக்குச் செலுத்தும் தொகையில், உரிய சான்று இல்லாதபோது, 30 விழுக்காடு பிடித்தம் செய்வது அந்நாட்டு வழக்கம். டபிள்யூ-8பென் என்னும் படிவத்தை அவர் கொடுக்கவில்லை, நிறுவனமும் கேட்கவில்லை. அந்தப் படிவம் அமெரிக்க வரித்துறைக்கு அனுப்பப்படுவதன்று, பணம் கொடுக்கும் நிறுவனம் தன் கோப்பில் வைத்துக்கொள்வது. தான் அமெரிக்கர் அல்லர் என்பதையும் எந்த நாட்டில் வரி கட்டுபவர் என்பதையும் அதில் உறுதி கூற வேண்டும். உடலுழைப்போ மூளையுழைப்போ, சேவை எந்த மண்ணிலிருந்து செய்யப்படுகிறதோ அந்த மண்ணின் வருமானமாகவே அதை அமெரிக்கச் சட்டம் கருதுகிறது. கம்பத்தில் உட்கார்ந்து எழுதிய நிரலுக்கு அமெரிக்காவில் வரி இல்லை. இந்திய அமெரிக்க இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 15ஆவது பிரிவும், அங்கே நிலையான அலுவலகம் வைத்திருந்தாலோ ஒரு வரியாண்டில் 90 நாட்களோ அதற்கு மேலோ தங்கியிருந்தாலோ ஒழிய, தனித்தொழில் வருமானத்துக்கு அங்கே வரி விதிக்க இடமில்லை என்கிறது. அவர் படிவத்தைக் கொடுத்ததும், பிடித்த தொகை இன்னும் கருவூலத்துக்குப் போகாமல் இருந்ததால், அடுத்த மாதமே திரும்ப வந்தது. இந்தப் படிவம் கையெழுத்திட்ட ஆண்டையும் அதற்கடுத்த மூன்று ஆண்டுகளையும் கடந்து செல்லாது என்பதால், புதுப்பிக்க வேண்டிய தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இந்தியப் பக்கம்தான் உண்மையான வேலை இருந்தது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு, குறிப்பிட்ட தொழில்முறையாளர்கள் தங்கள் மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டிக் கணக்குப் புத்தகம் பராமரிக்காமல் வரி கட்டலாம் என்கிறது. தகவல் தொழில்நுட்பம் அந்தப் பட்டியலில் அறிவிக்கை மூலம் சேர்க்கப்பட்ட தொழில். அப்போது வரவு உச்சவரம்பு 50 லட்சம். 2023-24 நிதியாண்டிலிருந்து, ரொக்க வரவு 5 விழுக்காட்டுக்கு மேற்படாதவர்களுக்கு 75 லட்சம். (2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் பழைய சட்டத்தின் இடத்துக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன, இந்த நிகழ்வின் ஆண்டுகளுக்குப் பழைய எண்களே பொருந்தும்.) அவருடைய 2022-23 வரவு சராசரியாக டாலருக்கு 80 ரூபாய் என்ற கணக்கில் 35,80,000 ரூபாய். அதில் பாதி 17,90,000. புதிய வரி முறையைத் தேர்ந்து, அதற்கான 10-ஐஇ படிவத்தையும் அளித்துக் கணக்கிட்டபோது வரி, மேல்வரியோடு 2,85,480 ரூபாய். ஊதியக்காரராக இருந்திருந்தால் இது மாதந்தோறும் தானாகப் பிடிக்கப்பட்டிருக்கும். ஒப்பந்ததாரரோ மார்ச் 15க்குள் தாமே முன்வரியாகக் கட்டியிருக்க வேண்டும். கட்டாததால் 234பி, 234சி பிரிவுகளின்கீழ் ஏறக்குறைய 14,270 ரூபாய் வட்டி சேர்ந்தது. தொகை பெரிதல்ல என்றாலும், வரிக்கென்று பணம் ஒதுக்கி வைக்காதவரிடம் ஜூலை கடைசியில் மூன்று லட்சம் ரூபாயைக் கேட்டபோது அவர் மனைவியின் நகையை அடகு வைக்க நேர்ந்தது. அந்த நாளை அவர் இன்றும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

கணக்கைத் தாக்கல் செய்துகொண்டிருக்கும்போதே, "ஜிஎஸ்டி பதிவு எப்போது எடுத்தீர்கள்?" என்று கேட்டேன். "வெளிநாட்டுக்குத்தானே சார் வேலை செய்றேன், எனக்கெதுக்கு?" என்றார். இந்தக் கேள்வியை என்னிடம் எண்ணற்ற பேர் கேட்டிருக்கிறார்கள். இதில் பாதி நியாயமும் உண்டு. வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்கிருந்து செய்யும் சேவை, சட்டம் சொல்லும் நிபந்தனைகள் நிறைவேறினால், ஏற்றுமதி. ஏற்றுமதிக்கு வரி விகிதம் சுழியம். ஆனால் வரி சுழியம் என்பதும் பதிவு வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. ஒரு நிதியாண்டின் மொத்த விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். அந்த மொத்தத்தில் ஏற்றுமதியும் சேரும். அவருடைய வரவு 2022 அக்டோபர் இறுதியில் 20 லட்சத்தைக் கடந்திருந்தது. அதிலிருந்து முப்பது நாட்களுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டியவர், ஒன்பது மாதம் கழித்து என் மேசைக்கு எதிரே அமர்ந்திருந்தார்.

உடனே பதிவுக்கு விண்ணப்பித்தோம். வீடே அலுவலகம் என்பதால் தந்தையின் பெயரிலுள்ள வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, வீட்டைப் பயன்படுத்தத் தந்தை தந்த சம்மதக் கடிதம் ஆகியவற்றை இணைத்தோம். பதிவு கிடைத்ததும் வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய உதவும் உறுதிமொழிப் பத்திரத்தை, எல்யுடி என்று சுருக்கமாகச் சொல்வதை, ஆர்எஃப்டி-11 படிவத்தில் தாக்கல் செய்தோம். அதை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகத் தர வேண்டும். அதுவரை அவரிடம் பில் என்ற ஒன்றே இல்லை. நிறுவனத்தின் தளத்தில் மணிக்கணக்கைப் பதிவார், பணம் வந்துவிடும். இனி வரிசை எண்ணோடு மாதாமாதம் பில் எழுத வேண்டும், ஐஜிஎஸ்டி எனப்படும் ஒருங்கிணைந்த வரி செலுத்தாமல் உறுதிமொழியின்கீழ் செய்யப்படும் ஏற்றுமதி என்று அதில் குறிப்பிட வேண்டும் என்று சொல்லி, மாதிரி ஒன்றும் எழுதிக் கொடுத்தேன். சேமிப்புக் கணக்கை விட்டு நடப்புக் கணக்கு தொடங்கச் செய்தேன்.

இதோடு முடிந்திருக்கும் என்றுதான் எண்ணினேன். 2024 தொடக்கத்தில் வணிகவரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வருமான வரிக் கணக்கில் 35,80,000 ரூபாய் தொழில் வரவாகக் காட்டியிருக்கும் தாங்கள், அந்த ஆண்டில் பதிவு பெறாதது ஏன், வரம்பைக் கடந்த பின் வந்த வரவுக்கு 18 விழுக்காடு வரி ஏன் விதிக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். இரு துறைகளின் தரவுகளும் ஒப்பிடப்படுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த அதிகாரி கேட்டதில் தவறொன்றும் இல்லை. ஏற்றுமதி என்று சொல்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும்.

மெய்ப்பிப்பதற்கான முதன்மை ஆவணம், பணம் அந்நியச் செலாவணியாக வந்தது என்று வங்கி தரும் உள்வரவுச் சான்று. எஃப்ஐஆர்ஏ என்று வங்கியில் கேட்டால் தெரியும். கடந்துபோன மாதங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடைத்துவிட்டது. 2022 டிசம்பர், 2023 ஜனவரி, பிப்ரவரி ஆகிய மூன்று மாதங்களில்தான் சிக்கல் ஏற்பட்டது. அந்தக் காலத்தில் நிறுவனத்தின் வங்கி மாற்றம் நடந்துகொண்டிருந்ததால், மேலாளர் ஒருவர் தம் கைபேசியிலிருந்து, வெளிநாடு வாழ் இந்தியர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஒரு செயலி வழியாக அனுப்பியிருந்தார். வங்கி ஆவணத்தில் அந்தப் பணத்தின் நோக்கக் குறியீடு பி1301 என்றிருந்தது. குடும்பப் பராமரிப்புக்காக அனுப்பப்படும் பணத்துக்கு உரிய குறியீடு அது. மென்பொருள் ஆலோசனைக்கு உரியது பி0802. காகிதத்தின்படி பார்த்தால், அமெரிக்காவிலுள்ள ஓர் உறவினர் அவருக்குச் செலவுக்குப் பணம் அனுப்பியிருந்தார். அந்த மூன்று மாதங்களில் 422 மணி நேர உழைப்புக்கு வந்தது 10,550 டாலர், அன்றைய மதிப்பில் 8,65,100 ரூபாய். அதற்கு 18 விழுக்காடு என்றால் 1,55,718 ரூபாய், வட்டி தனி.

ஒரு குறியீட்டைத் திருத்த நான்கு மாதம் ஆயிற்று. கம்பத்துக் கிளையில் அந்நியச் செலாவணிப் பிரிவு இல்லை. கடிதம் மதுரைக்குப் போயிற்று. அனுப்பியவர் தனிமனிதர், ஒப்பந்தம் நிறுவனத்தோடு. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று மதுரையில் கேட்டார்கள், அதுவும் நியாயமான கேள்வியே. அந்த மேலாளர் நிறுவனத்தின் சார்பில்தான் அனுப்பினார் என்று நிறுவனத் தலைப்புத்தாளில் கடிதம் வாங்கினோம். ஒப்பந்தம், மணிக்கணக்குப் பதிவு, அந்த மூன்று மாத மின்னஞ்சல்கள் அனைத்தையும் தேதி வாரியாகக் கோத்து ஒரே கோப்பாக்கினோம். இறுதியில் வங்கி குறியீட்டைத் திருத்திப் புதிய சான்று தந்தது. அதை வணிகவரி அலுவலகத்தில் அளித்தபோது, உறுதிமொழிப் பத்திரம் தாமதமானாலும் ஏற்றுமதியின் சுழிய விகிதச் சலுகையை மறுக்கக் கூடாது என்று மத்திய வரி வாரியம் 2018 மார்ச் 15 சுற்றறிக்கையில் கூறியிருப்பதையும் சுட்டிக்காட்டினேன். வரிக் கோரிக்கை கைவிடப்பட்டது. உரிய காலத்தில் பதிவு செய்யாததற்காக 20,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள், கட்டினோம். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாமா என்று அவர் கேட்டார். கடமை தவறியது உண்மை, ஆகவே வேண்டாம் என்றேன்.

வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது என்பது மட்டும் போதாது, எந்தப் பெயரில், எந்த வழியில், எந்தக் குறியீட்டோடு வருகிறது என்பதே வழக்கைத் தீர்மானிக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு வேறெந்தக் கோப்பும் காட்டியதில்லை. பணம் வந்த மறுநாளே சான்றைக் கேட்டு வாங்கியிருந்தால் இது ஒரு மணி நேர வேலை.

இந்த அலைச்சலுக்கு நடுவே, ஒப்பந்தத்தை முதன்முறையாக வரி வரியாகப் படித்தேன். அதில் அவரை வருத்தக்கூடிய மூன்று இடங்கள் இருந்தன. ஏழு நாள் முன்னறிவிப்பில் நிறுவனம் விலகலாம். பில் கொடுத்த 45 நாளில்தான் பணம். அவர் எழுதும் நிரல் அனைத்தும் எழுதிய கணமே நிறுவனத்தின் சொத்து. கடைசி இடத்தைச் சற்று விளக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, வேலைக்கு அமர்த்தப்பட்டவர் பணியின் போக்கில் படைப்பதன் முதல் உரிமையாளர் முதலாளியே என்கிறது. தனி ஒப்பந்ததாரர் எழுதும் நிரலுக்கு அந்த விதி பொருந்தாது. எழுத்து மூலம் உரிமை மாற்றித் தரும்வரை படைத்தவரே உரிமையாளர். அமெரிக்காவிலும் நிலைமை மிக வேறல்ல. வாஷிங்டனைச் சேர்ந்த ஒரு தொண்டமைப்பு சிற்பி ஜேம்ஸ் ஏர்ல் ரீடிடம் செய்வித்த சிலை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில், அவர் பணியாளர் அல்லர், தனி ஒப்பந்ததாரர், ஆகவே அது கூலிக்குச் செய்த படைப்பு என்ற வகையில் வராது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. அதனால்தான் அமெரிக்க நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் உரிமை மாற்றப் பத்தி தவறாமல் இருக்கும். அந்தப் பத்தி அவர்களுக்கு எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவுக்கு நமக்குப் பேரம் பேசும் வலிமை அதில் இருக்கிறது.

2024 ஏப்ரலில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது நான்கு திருத்தங்களை எழுதி அனுப்பச் செய்தேன்: 30 நாள் முன்னறிவிப்பு, 15 நாளில் பணம், இழப்பீட்டுப் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு, ஒவ்வொரு மாத வேலையின் உரிமையும் அந்த மாதப் பில் தொகை முழுதும் செலுத்தப்பட்ட பின்னரே மாறுதல். அனுப்ப அவர் மிகவும் தயங்கினார். "கேட்டா வேலையவிட்டே எடுத்துடுவாங்களோன்னு பயமா இருக்கு சார்" என்றார். பணியாளராகவே தம்மை நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அந்த அச்சம் இயல்புதான். நிறுவனம் கோபிக்கவில்லை. முன்னறிவிப்பு 15 நாள் என்று ஒப்புக்கொண்டது, உரிமை மாற்றப் பத்தியை நாம் எழுதியபடியே ஏற்றது, கூலியை மணிக்கு 28 டாலராக்கியது. மற்ற இரண்டையும் மறுத்தது.

அவர் உண்மையில் யார், பணியாளரா ஒப்பந்ததாரரா என்ற கேள்வியை இங்கே எழுப்பாமல் போனால் இந்த ஆய்வு நேர்மையாக இராது. மாலை ஆறு மணி முதல் இரவு இரண்டு மணி வரை கணினி முன் இருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. அன்றாடக் கூட்டத்தில் மேலாளர் அன்றைய வேலையைப் பிரித்துத் தருவார். விடுப்புக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். மின்னஞ்சல் முகவரி நிறுவனத்துடையது. வேறெந்த வாடிக்கையாளரும் அவருக்கு இல்லை. நம் உச்ச நீதிமன்றம் 1956இல் தராங்கதரா இரசாயன ஆலை வழக்கில் விசாரித்தது சௌராட்டிர உப்பளத் தொழிலாளர்களின் நிலையை. விளைந்த உப்பின் எடைக்கேற்பக் கூலி பெற்ற, துணைக்குத் தாமே ஆள் வைத்துக்கொள்ள உரிமை இருந்த அவர்கள் ஒப்பந்ததாரர்கள் என்று ஆலை வாதிட்டது. என்ன வேலை என்பதை மட்டுமன்றி, எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் கட்டுப்படுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று நீதிமன்றம் பார்த்து, அவர்கள் தொழிலாளர்களே என்றது. சம்பா நெல்லும் அளம் என்னும் உப்பும் சேர்ந்துதான் சம்பளம் என்ற சொல் பிறந்தது என்று சொல்வார்கள். அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் அது எனக்கு நினைவுக்கு வரும். 2024இல் ஆஸ்திரேலியாவின் நியாயமான பணி ஆணையம், பிலிப்பைன்ஸில் தம் வீட்டிலிருந்தபடி ஓர் ஆஸ்திரேலிய நிறுவனத்துக்கு மணிக்கு 18 ஆஸ்திரேலிய டாலருக்குச் சட்ட உதவிப் பணி செய்துவந்த ஒருவர், ஒப்பந்தத்தில் தனி ஒப்பந்ததாரர் என்று எழுதியிருந்தபோதும், பணியாளரே என்று முடிவு செய்தது.

அந்த அளவுகோல்களால் பார்த்தால், என் கட்சிக்காரர் பெயரளவில்தான் ஒப்பந்ததாரர் என்பது என் கருத்து. ஆனால் அதை எந்த மன்றத்தில் சொல்வது? நிறுவனத்துக்கு இந்தியாவில் அலுவலகமோ சொத்தோ இல்லை. ஒப்பந்தம் டெலவேர் சட்டத்துக்கும் அங்கே நடக்கும் நடுவர் தீர்ப்புக்கும் உட்பட்டது. இங்கே தொழிலாளர் நீதிமன்றத்தில் வென்றாலும் ஆணையை நிறைவேற்ற வழி காண்பது கடினம். மேலும், பணியாளர் என்று வாதிட்டால், ஏற்றுமதியாளர் என்று வணிகவரி அலுவலகத்தில் தந்த கோப்பும், தொழில்முறையாளர் என்று வருமான வரியில் பெற்ற சலுகையும் ஆட்டம் காணும். ஆகவே அந்த வழியை நான் பரிந்துரைக்கவில்லை. இது நியாயமான நிலை என்று நான் சொல்லவில்லை. அன்றைய நிலை அது.

2025 ஜனவரி 30 அன்று, நிதி நெருக்கடியால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக நான்கு வரி மின்னஞ்சல் வந்தது. பிப்ரவரி 14 கடைசி நாள். அன்றிரவே அவருடைய நிறுவன மின்னஞ்சல் முடக்கப்பட்டது. நல்லவேளையாக, ஒவ்வொரு மாதமும் ஒப்புதல் பெற்ற மணிக்கணக்கைத் தம் சொந்தக் கணினியில் படமெடுத்து வைக்கும் வழக்கத்தை 2023 முதல் பின்பற்றி வந்திருந்தார். டிசம்பர் பில் தொகை வந்தது. ஜனவரிக்கு உரிய 160 மணி நேரத்துக்கான 4,480 டாலரும், பிப்ரவரிக்கு உரிய 80 மணி நேரத்துக்கான 2,240 டாலரும் வரவில்லை. 45 நாள் கடந்த பின் கேட்டபோது, சில மணி நேரங்கள் சரிபார்க்கப்படவில்லை என்று பதில் வந்தது. பிறகு பதிலே வரவில்லை. 6,720 டாலர், ஏறக்குறைய 5.8 லட்சம் ரூபாய்.

அமெரிக்காவில் நடுவர் முன் செல்வதற்கு ஆகும் செலவே அந்தத் தொகையில் பெரும்பகுதியை விழுங்கும் என்று தெரிந்தது. வழக்கறிஞர் நண்பர் ஒருவரோடு அமர்ந்து, ஏப்ரல் முதல் வாரத்தில் ஒன்றரைப் பக்கக் கடிதம் ஒன்றைத் தயாரித்தோம். அதில் மிரட்டல் இல்லை. ஒப்புதல் பெற்ற மணிக்கணக்கின் படங்கள், பில்கள், பணம் வர வேண்டிய தேதிகள். அதன்பின் ஒரே ஒரு பத்தி: ஒப்பந்தத்தின்படி ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் எழுதப்பட்ட நிரலின் உரிமை இன்னும் தங்களுக்கு மாறவில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். அந்த நிரல் அவர்கள் விற்றுக்கொண்டிருந்த பொருளின் கட்டணப் பகுதியில் ஓடிக்கொண்டிருந்தது. பதினோராம் நாள் அவர்களுடைய சட்ட ஆலோசகரிடமிருந்து மறுமொழி வந்தது. ஜனவரித் தொகை முழுதும் தருகிறோம். பிப்ரவரியில் பாதி, அதாவது 1,120 டாலர் தருகிறோம். இரு தரப்பும் கணக்கு முடிந்ததாக எழுதிக்கொள்வோம் என்றார்கள். முழுவதையும் கேட்டுப் போராடலாம் என்பது வழக்கறிஞர் நண்பரின் கருத்து. வீட்டில் அடுத்த வேலை இல்லாமல் இரண்டு மாதம் ஓடியிருந்ததால், கட்சிக்காரர் ஒப்புக்கொண்டார். ஏப்ரல் இறுதிக்குள் 5,600 டாலர் வந்து சேர்ந்தது, இம்முறை பி0802 குறியீட்டோடு.

விட்டுக்கொடுத்த 1,120 டாலரைப் பற்றி அவர் பிறகு கேட்கவே இல்லை. ஆனால் எனக்கு அதில் வேலை இருந்தது. உறுதிமொழியின்கீழ் ஏற்றுமதி செய்த சேவைக்கு ஓராண்டுக்குள் பணம் வராவிட்டால், ஒருங்கிணைந்த வரியை 18 விழுக்காடு வட்டியோடு கட்ட வேண்டும் என்பது 96ஏ விதி. சமரசத்தால் குறைந்த தொகைக்குக் கடன் குறிப்பு (கிரெடிட் நோட்) எழுதி, கணக்கில் காட்டி, சமரச மடலின் படியை வங்கியிலும் அளித்தோம். வராத பணத்துக்கும் ஆவணம் வேண்டும் என்பதை மக்கள் எளிதில் நம்புவதில்லை.

ஒப்பந்தத்தில் இன்னொரு பத்தி இருந்தது. விலகிய பின் பன்னிரண்டு மாதம் போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்யக் கூடாது என்றது. மே மாதம் அதே துறையிலுள்ள ஒரு ஜெர்மானிய நிறுவனம் அழைத்தபோது, இந்தப் பத்தியை நினைத்து அவர் இரண்டு வாரம் உறக்கமின்றித் தவித்தார். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் உடன்பாட்டைச் செல்லாததாக்குகிறது. கிரிக்கெட் வீரர் சாகீர் கான் தொடர்பான 2006ஆம் ஆண்டு வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஒருவரைக் கட்டிப்போடும் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. டெலவேர் சட்டம் வேறு என்றாலும், கணக்கு முடிந்ததாக இரு தரப்பும் எழுதிக்கொண்ட மடலில் இந்தப் பத்தியையும் கைவிடச் செய்திருந்தோம் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். அதை அவர் படிக்காமலேயே கையெழுத்திட்டிருந்தார்.

புதிய ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன் என்னிடம் கொண்டுவந்தார். மணிக்கு 34 யூரோ. இம்முறை ஆண்டுக்கு 1,750 மணி என்று கணக்கிட்டிருந்தார். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியச் சேமிப்பு, முன்வரி, ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேற்போகாத உள்ளாட்சித் தொழில் வரி உட்பட அனைத்தையும் கழித்து, மீதியை ஒரு தாளில் எழுதியிருந்தார். ஆறு மாதக் குடும்பச் செலவை வேறு கணக்கில் தனியே வைத்த பிறகுதான் வீடு கட்டக் கடன் கேட்பேன் என்றார். அந்த விண்ணப்பம் வங்கிக்குப் போனபோது மேலாளர் முதலில் கேட்டது சம்பளச் சீட்டு. மூன்றாண்டு வருமான வரிக் கணக்குகள், உள்வரவுச் சான்றுகள், ஜிஎஸ்டி கணக்குகள் அடங்கிய கோப்பை மேசைமேல் வைத்தோம். 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையே வருமானம் இல்லாத மாதங்களைச் சுட்டிக்காட்டி, கேட்டதில் அறுபது விழுக்காட்டுக்குக் கடன் ஒப்பளித்தார்கள். மாடி அறையை மட்டும் பின்னர் கட்டிக்கொள்வதாக முடிவு செய்து, அவர் கையெழுத்திட்டார்.